தொழில்நுட்பமா, பொழுதுபோக்கா, பள்ளிக்கூடமா? தொழில்மயமான அமெரிக்காவைப் படிக்க எந்த வழியில் நுழைவது

அமெரிக்க வரலாறு தாள் எடுத்திருக்கும் முதுகலை மாணவர்களும், போட்டித் தேர்வுக்கு உலக வரலாறு படிப்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்ததிலிருந்து முதல் உலகப் போர் வரை அமெரிக்கா தொழிற்சாலை நாடாக மாறியபோது, சாதாரண மனிதர்களின் வாழ்க்கை எப்படி மாறியது என்று எழுத வேண்டும். பாடத்திட்டம் மூன்று தலைப்புகளைத் தருகிறது: தொழில்நுட்பம், பொழுதுபோக்கு, கல்வி. மூன்றையும் தொட்டால் ஆய்வேடு முழுவதும் மேலோட்டமாகிவிடும். ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் எதை எடுப்பது?

பலர் யோசிக்காமல் தொழில்நுட்பத்தை எடுத்துவிடுகிறார்கள். எடிசன், பெல் என்ற பெயர்கள் பள்ளியிலிருந்தே பழக்கம். சமூக நீதியில் அக்கறை உள்ளவர்கள் கல்வியை எடுக்கிறார்கள். பொழுதுபோக்கின் பக்கம் போகத் தயங்குகிறார்கள், கைடு (ஆய்வு வழிகாட்டி) அதை விளையாட்டுத்தனமாக நினைத்துவிடுவாரோ என்ற பயம். பெரும்பாலானவர்களுக்குப் பொழுதுபோக்குதான் சரியான வழி என்பது என் கருத்து. மற்ற இரண்டும் பெரும்பாலும் மேலே இருந்தவர்கள் தீர்மானித்துக் கீழே இறக்கியவை. ஓய்வு நேரம் மட்டும் தொழிலாளிகள் தாங்களே கேட்டு, சண்டை போட்டு வாங்கியது. அவர்கள் எதை விரும்பினார்கள் என்பது வேறெங்கும் இவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது. அதனால் மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

## எதை வைத்து அளப்பது

தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, இந்த மாற்றம் ஒரு கூலிக்காரக் குடும்பத்தின் ஒரு நாளைத் தொட்டதா, எப்போது தொட்டது? இரண்டாவது, யார் தீர்மானித்தார்கள் என்பதை ஆதாரத்தோடு காட்ட முடியுமா? மூன்றாவது, யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பது இந்தத் தலைப்பில் கண்ணுக்குத் தெரியுமா, மறைந்துபோகுமா? நான்காவது, அமெரிக்கா போகாமல், காசு செலவழிக்காமல் மூல ஆவணங்களைப் பார்க்க முடியுமா?

நான்காவது கேள்வியைப் பலர் கடைசியில் கேட்கிறார்கள். முதலில் கேளுங்கள். ஆவணம் கிடைக்காத தலைப்பில் எழுதினால் மற்றவர்களின் முடிவுகளைத்தான் வேறு சொற்களில் சொல்ல வேண்டியிருக்கும்.

## வழி 1: தொழில்நுட்பம்

இதன் பெரிய வசதி, தேதிகள் உறுதியானவை. 1869 மே 10-ல் யூட்டாவின் ப்ரோமான்டரியில் கிழக்கும் மேற்கும் ரயில் பாதையால் இணைந்தன. 1876-ல் பெல்லுக்குத் தொலைபேசிக் காப்புரிமை. 1882 செப்டம்பரில் எடிசனின் பேர்ல் தெரு மின் நிலையம் கீழ் மன்ஹாட்டனில் ஓடத் தொடங்கியது. 1888-ல் ஃபிராங்க் ஸ்ப்ரேக் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் மின்சார ட்ராம்களை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். காப்புரிமைப் பத்திரங்கள் வரைபடத்தோடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இந்த வசதியேதான் ஆபத்தும். கண்டுபிடித்த ஆண்டையும் மக்கள் கைக்கு வந்த ஆண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். தொலைபேசி வந்து 44 ஆண்டுகள் கழித்தும், 1920-ல், அமெரிக்க வீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவற்றில்தான் அது இருந்தது. பேர்ல் தெருவில் விளக்கு எரிந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1930-களின் நடுவில், பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம். லாபம் வராத கிராமங்களுக்குக் கம்பி இழுக்கத் தனியார் நிறுவனங்களுக்கு மனமில்லை. 1935-ல் அரசு கிராம மின்மயத்துக்கென்று தனி அமைப்பு தொடங்க வேண்டியதாயிற்று. '1882-ல் மின்சாரம் வந்தது, அமெரிக்க வாழ்க்கை மாறியது' என்று எழுதினால், கண்சாஸில் மண்ணெண்ணெய் விளக்கில் சமைத்த பெண் உங்கள் ஆய்வேட்டிலிருந்து காணாமல் போய்விடுகிறாள்.

தொழில்நுட்பத்தைத்தான் எடுப்பேன் என்பவர்களுக்கு ஒரு யோசனை: பொருளை விட்டுவிட்டு நேரத்தை எடுங்கள். ஒவ்வொரு ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வரும்போது மதியம் என்று வைத்திருந்தது. ரயில் அட்டவணைக்கு அது ஒத்துவரவில்லை. 1883 நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை, ரயில் நிறுவனங்கள் நாட்டை நேர மண்டலங்களாகப் பிரித்துக் கடிகாரங்களை மாற்றின. பல ஊர்களில் அன்று மதியம் இரண்டு முறை வந்தது. நாடாளுமன்றம் இதற்கான சட்டத்தை இயற்றியது 1918-ல். இடைப்பட்ட 35 ஆண்டுகள் ஒரு நாட்டின் பெரும்பகுதி தனியார் கம்பெனிகள் முடிவு செய்த நேரத்தில் எழுந்து, வேலைக்குப் போய், தூங்கியிருக்கிறது. 'யார் தீர்மானித்தார்கள்' என்ற கேள்விக்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் கிடைக்காது. (இந்தியாவுக்கென்று பொது நேரம் வருவதற்கு முன் இங்கேயும் ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. ஒப்பிட்டு எழுத விரும்புகிறவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு.)

இந்த வழி யாருக்கு: கால அவகாசம் குறைவாக இருப்பவர்களுக்கு, பொருளாதார வரலாற்றில் பிடிப்பு உள்ளவர்களுக்கு, பொறியியல் படித்துவிட்டு வரலாற்றுக்கு வந்தவர்களுக்கு.

## வழி 2: பொழுதுபோக்கு

எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் எங்கள் விருப்பத்துக்கு. 1880-களில் அமெரிக்கத் தொழிலாளர்கள் எழுப்பிய முழக்கம் இதுதான். 1886 மே 1-ல் அதற்காக நாடெங்கும் வேலைநிறுத்தம் நடந்தது. மூன்று நாள் கழித்து சிகாகோவின் ஹேமார்க்கெட்டில் குண்டு வெடித்தது. நாம் மே தினம் கொண்டாடுவதன் வேர் அங்கேதான் இருக்கிறது. அந்த முழக்கத்தின் மூன்றாவது பகுதியைக் கவனியுங்கள். சம்பளத்தையோ தூக்கத்தையோ தாண்டி, தன் விருப்பப்படி செலவழிக்கச் சொந்தமாக ஒரு நேரம் கேட்டிருக்கிறார்கள்.

அந்த நேரம் கிடைத்தபோது என்ன செய்தார்கள் என்று தேடினால் மற்ற இரண்டு தலைப்புகளும் தானாக உள்ளே வருகின்றன. ட்ராம் கம்பெனிகளை எடுத்துக்கொள்வோம். வார நாட்களில் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை வண்டி காலி. பாதையின் கடைசி நிறுத்தத்தில் ஒரு கேளிக்கைப் பூங்காவை அமைத்தால் ஞாயிறும் டிக்கெட் விற்கும். நாடு முழுவதும் ட்ராலி பார்க்குகள் இப்படித்தான் முளைத்தன. நியூயார்க்கின் கோனி தீவில் 1897-ல் ஸ்டீபிள்சேஸ், 1903-ல் லூனா பார்க், 1904-ல் ட்ரீம்லேண்ட் என்று மூன்று பெரிய பூங்காக்கள் வந்தன. லூனா பார்க் இரண்டரை லட்சம் மின்விளக்குகளோடு திறக்கப்பட்டதாகப் பேர். தன் வீட்டில் மின்சாரம் இல்லாத தையல் தொழிலாளிப் பெண், அவ்வளவு மின்வெளிச்சத்தை முதலில் பார்த்தது இங்கேதான் இருந்திருக்கும். மின்சாரம் ஏழைகளின் வாழ்க்கைக்குள் எந்த வாசல் வழியாக வந்தது என்று கேட்டால், வீட்டு வாசலைவிட இந்தப் பூங்கா வாசல் முந்திக்கொண்டது என்று வாதிட நிறைய இடமிருக்கிறது.

பேஸ்பால் இன்னொரு சுரங்கம். 1876-ல் தொடங்கிய நேஷனல் லீக் நுழைவுக் கட்டணம் 50 சென்ட் வைத்தது. மைதானத்தில் பீர் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்பவனுக்கு ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை. அப்படியென்றால் அந்த ஆட்டம் யாருக்காக? 1882-ல் போட்டியாக வந்த அமெரிக்கன் அசோசியேஷன் கட்டணத்தை 25 சென்ட்டாகக் குறைத்தது, பீர் விற்றது, சட்டம் இடம் கொடுத்த ஊர்களில் ஞாயிறும் ஆடியது. ஒரு டிக்கெட்டின் விலையை வைத்தே வர்க்கங்களைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதலாம். நியூயார்க்கில் ஞாயிற்றுக்கிழமை தொழில்முறை ஆட்டத்துக்கு முழு அனுமதி கிடைக்க 1919 வரை ஆயிற்று.

பிறகு சினிமா. 1905-ல் பிட்ஸ்பர்க்கில் ஒரு கடையை ஐந்து சென்ட் படக் கொட்டகையாக மாற்றினார்கள். சில ஆண்டுகளில் இப்படி ஆயிரக்கணக்கான கொட்டகைகள். ஆங்கிலம் தெரியாத குடியேறிகளுக்கு ஊமைப் படம் வசதியாக இருந்தது, கைக்குழந்தையோடு தாய்மார்களும் போனார்கள். மேலே இருந்தவர்கள் கலங்கினார்கள். 1908 டிசம்பர் 24-ல் நியூயார்க் மேயர் நகரத்தின் படக் கொட்டகைகள் எல்லாவற்றின் உரிமத்தையும் ரத்து செய்தார். தீ விபத்து ஆபத்து என்பது ஒரு காரணம். ஒழுக்கம் கெடுகிறது என்பது இன்னொன்று. உரிமையாளர்கள் நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார்கள்.

சரி, இந்த வழியின் மறைமுகச் செலவு என்ன? மூன்று இருக்கின்றன.

முதல் செலவு, மயக்கம். வண்ண விளக்குகளையும் கூட்டத்தையும் எழுதிக்கொண்டே போனால் வெளியே நின்றவர்கள் மறந்துபோவார்கள். மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின வீரர் 1884-ல் டொலிடோ அணிக்காகப் பெரிய லீக்கில் ஆடினார். அதன்பின் கதவு சாத்தப்பட்டது. 1947-ல் ஜாக்கி ராபின்சன் வரும் வரை திறக்கவில்லை. 1893-ன் சிகாகோ உலகக் கண்காட்சியும் இதையே சொல்லும். அதையொட்டி நடந்த சர்வ சமயப் பேரவையில் விவேகானந்தர் பேசியதால் நமக்கு அது நன்கு தெரிந்த கண்காட்சி. அவர் அங்கே போகச் சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாக நிதி திரட்டினார்கள். அதே கண்காட்சியில் கறுப்பின அமெரிக்கர்கள் ஏன் ஒதுக்கப்பட்டார்கள் என்று கேட்டு, கறுப்பின உரிமைப் போராளிகளான ஐடா வெல்ஸும் ஃப்ரெடரிக் டக்ளஸும் ஒரு துண்டு நூல் வெளியிட்டு வருகிறவர்களுக்குக் கொடுத்தார்கள். டக்ளஸுக்கு அங்கே ஓரிடம் கிடைத்ததே ஹெய்ட்டி நாட்டின் பிரதிநிதியாகத்தான். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதத் தமிழ் மாணவர்களுக்குத் தனி வாய்ப்பு இருக்கிறது.

இரண்டாவது செலவு, குரல்கள் யாருடையவை என்பது. படம் பார்க்கப் போனவர்கள் எழுதிவைத்தது குறைவு. அவர்களைப் பார்த்துக் கவலைப்பட்டவர்கள் எழுதியதுதான் அதிகம். சீர்திருத்தவாதியின் அறிக்கையை வைத்துத் தொழிலாளியின் மனதை எழுதும்போது, அது இன்னொருவர் பார்வை என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது செலவு, கைடைச் சம்மதிக்க வைப்பது. 'பொழுதுபோக்கு' என்று சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுக்காமல் 'ஞாயிற்றுக்கிழமைக்கான போராட்டம்' என்றோ 'எட்டு மணி நேர இயக்கமும் நகர ஓய்வு நேரமும்' என்றோ கொடுங்கள். பொருள் அதேதான், கேள்வி கூர்மையாகிவிடும்.

ஆவணங்களில் குறையே இல்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் அந்தக் காலத்துச் செய்தித்தாள்கள் தேடும் வசதியோடு கிடைக்கின்றன. எடிசன் நிறுவனம் எடுத்த குறும்படங்கள்கூட இருக்கின்றன. விளம்பரப் பக்கங்களை மட்டும் படித்தே ஒரு மாதம் ஓட்டலாம்.

## வழி 3: பள்ளிக்கல்வி

மூன்றில் கனமான தலைப்பு இதுதான். எண்கள் இங்கே பேசும். 1870-ல் 17 வயதுக்காரர்களில் சுமார் 2 சதவீதம் பேர்தான் உயர்நிலைப் பள்ளி முடித்தார்கள், 1900-ல் 6 சதவீதம் சொச்சம், 1940-ல் பாதி. மாசசூசெட்ஸ் 1852-லேயே கட்டாயக் கல்விச் சட்டம் போட்டது, மிசிசிப்பி 1918-ல்தான் போட்டது. இந்த 66 ஆண்டு இடைவெளிக்குள் வடக்கு, தெற்கு, பஞ்சு, ஆலை, நிறவெறி எல்லாம் அடங்கியிருக்கின்றன.

சட்டம் இருந்தால் பிள்ளை பள்ளிக்குப் போய்விடுமா? 1900-ன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 10 முதல் 15 வயது வரை வேலையில் இருந்த குழந்தைகள் ஏறக்குறைய 17.5 லட்சம். லூயிஸ் ஹைன் 1908-லிருந்து ஆலைகளுக்குள் போய் எடுத்த புகைப்படங்களில் அவர்களின் முகங்களைப் பார்க்கலாம். 1916-ல் நாடாளுமன்றம் குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தியது. வட கரோலினாவில் ரோலண்ட் டேகன்ஹார்ட் என்ற நூற்பாலைத் தொழிலாளி தன் மகன்கள் ஆலையில் வேலை செய்ய இந்தச் சட்டம் தடையாக இருக்கிறது என்று வழக்குப் போட்டார். ஆலை முதலாளிகள் பின்னால் நின்றார்கள் என்பது உண்மை. ஆனாலும் பிள்ளையின் கூலி இல்லாமல் அந்த வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம் என்பதும் உண்மை. 1918-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. 1938 வரை நிலையான தேசியச் சட்டம் வரவில்லை. பள்ளிக்கூடத்தின் மறைமுகச் செலவு குடும்பத்தின் கூலிக் கணக்கில் இருக்கிறது. அதை எழுதாத கல்வி வரலாறு பாதிதான்.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார் என்ற மூன்றாவது கேள்விக்கு இந்த வழியைப் போல வேறெதுவும் பதில் தராது. ஜார்ஜியாவின் அகஸ்டாவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இருந்த அரசு உயர்நிலைப் பள்ளியை 1897-ல் மூடினார்கள். வெள்ளைப் பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளிக்குப் பொதுப்பணம் தொடர்ந்து போயிற்று. பெற்றோர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1899-ல் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. கறுப்பர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் ஏற்பாடுகள் 'தனித்தனியாக இருந்தாலும் சமம்' என்று அதே நீதிமன்றம் சொல்லி மூன்றே ஆண்டுதான் ஆகியிருந்தது. பென்சில்வேனியாவின் கார்லைலில் 1879-ல் தொடங்கிய பள்ளி இன்னும் கொடுமை: பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழி பேசத் தடை போட்டார்கள். கல்வி என்றாலே நன்மை என்று எண்ணி இந்தத் தலைப்பைத் தொடுகிறவர்கள் கார்லைலைத் தவிர்த்துவிடக் கூடாது.

இத்தனை தடைகளுக்கு நடுவிலும் கறுப்பின மக்களிடையே எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் விகிதம் 1870-ல் 80 சதவீதமாக இருந்தது, 1900-ல் 45-க்குக் கீழே வந்தது. முப்பதே ஆண்டுகளில், அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட ஒரு சமூகம் செய்த சாதனை இது. கறுப்பினத் தலைவர்களான புக்கர் வாஷிங்டனும் டு போய்ஸும் தம் மக்களுக்கு எந்த வகைக் கல்வி வேண்டும் என்று நடத்திய விவாதத்தோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். அந்த இருவரைத் தாண்டி, பெயர் தெரியாத ஆசிரியைகள் நடத்திய சிற்றூர்ப் பள்ளிகளைத் தேடிப் போங்கள்.

இந்த வழியின் சிரமம் வேறு வகை. 1867-ல் உருவான மத்திய கல்வித் துறையின் ஆண்டறிக்கைகள் இணையத்தில் இருக்கின்றன. தொகுதி தொகுதியாகப் புள்ளிவிவரம். பதிவேட்டில் பெயர் இருந்த பிள்ளை வேறு, தினமும் வந்து உட்கார்ந்த பிள்ளை வேறு. இரண்டையும் பிரித்துப் படிக்கப் பொறுமை வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுவதால் 'அமெரிக்கக் கல்வி' என்று பொதுவாக எழுதவே முடியாது. ஒரு செமஸ்டருக்குள் முடிக்க வேண்டியவர்களுக்கு இது நெருக்கடி.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | தொழில்நுட்பம் | பொழுதுபோக்கு | பள்ளிக்கல்வி |
|---|---|---|---|
| ஏழை வீட்டைத் தொட்ட காலம் | தாமதம். கிராமத்தில் மிகத் தாமதம் | நகரத்தில் விரைவு | ஊரையும் நிறத்தையும் பொறுத்தது |
| யார் தீர்மானித்தது | நிறுவனங்கள் | தொழிலாளர், வியாபாரி, சட்டம் மூன்றும் மோதி | அரசு, நீதிமன்றம், குடும்பத்தின் கூலிக் கணக்கு |
| ஒதுக்கப்பட்டவர்கள் | எளிதில் மறைவார்கள் | தேடினால் தெரிவார்கள் | முன்னாலேயே தெரிவார்கள் |
| இலவச ஆவணம் | காப்புரிமை, அட்டவணை | செய்தித்தாள், விளம்பரம், படம் | அறிக்கை, தீர்ப்பு, புகைப்படம் |
| முக்கிய ஆபத்து | தேதிப் பட்டியலாகிவிடுவது | கவர்ச்சியில் மயங்குவது | புள்ளிவிவரத்தில் மூழ்குவது |

## இன்னும் முடிவெடுக்க முடியவில்லையா

அப்படியென்றால் தலைப்பை விட்டுவிட்டு ஊரைத் தேர்ந்தெடுங்கள். பிட்ஸ்பர்க்கையும் அதை ஒட்டிய ஹோம்ஸ்டெட்டையும் நான் பரிந்துரைப்பேன். 1892 ஜூலையில் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் தொழிலாளர்களுக்கும் நிர்வாகம் அமர்த்திய பிங்கர்டன் என்ற தனியார் நிறுவனத்தின் காவலர்களுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்தது. சங்கம் உடைந்தது, 12 மணி நேர ஷிஃப்ட் நிலைத்தது. ஷிஃப்ட் மாறும் வாரத்தில் 24 மணி நேரம் ஒரேயடியாக நிற்க வேண்டியிருந்தது. அதே ஊரில் 1898-ல் ஆலை முதலாளி கார்னகி ஒரு நூலகம் திறந்தார். நீச்சல் குளம், இசை அரங்கம் எல்லாம் அதற்குள்ளேயே. பன்னிரண்டு மணி நேரம் உலைக்கு முன் நின்றவனுக்கு அங்கே போக ஏது நேரம், ஏது தெம்பு என்ற கேள்வி அப்போதே எழுந்தது. ஐந்து சென்ட் படக் கொட்டகை 1905-ல் பக்கத்துப் பிட்ஸ்பர்க்கில்தான் பிறந்தது. நூலகத்தில் பல மணி நேரம் உட்கார முடியாதவன் கொட்டகையில் அரை மணி நேரம் உட்கார முடிந்தது. ஆலை, நூலகம், கொட்டகை மூன்றும் ஒரே ஊர் வட்டாரத்தில். 1907-ல் தொடங்கிய பிட்ஸ்பர்க் சர்வே என்ற சமூக ஆய்வு தொழிலாளர் வீடுகளின் வரவு செலவு வரை பதிவு செய்திருக்கிறது. அதன் தொகுதிகளை இணையத்தில் முழுதாகவே படிக்கலாம்.

பிட்ஸ்பர்க்கில் ஒரு குறை உண்டு. அது தெற்கைக் காட்டாது. பஞ்சாலைச் சிறுவர்களும் பள்ளி மறுக்கப்பட்ட கறுப்பினப் பிள்ளைகளும் அந்தச் சட்டகத்துக்குள் வரமாட்டார்கள். உங்கள் அக்கறை அவர்கள் மீது என்றால் பொழுதுபோக்கு வேண்டும் என்று நான் சொன்னதை ஒதுக்கிவிட்டுப் பள்ளிக்கல்வியையே எடுங்கள், அகஸ்டா வழக்கிலிருந்து தொடங்குங்கள். தீர்ப்பு நீளமில்லை, ஒரே மாலையில் படித்துவிடலாம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.